லினக்ஸ் டெர்மினலில் பாஸ்வேர்டு 'ஏறவில்லையா'?

விண்டோஸிலிருந்து உபுண்டு 24.04 என்ற லினக்ஸுக்கு வந்தவர்கள் முதலில் திணறுவது, கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினல் ஜன்னலில்தான். 'சூடோ' (sudo, அட்மின் உரிமையோடு இயக்கச் சொல்வது) போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிடவில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்று மறைக்கிறது, அவ்வளவுதான். முழுதாக அடித்து என்டர் தட்டுங்கள். மூன்று முறை தவறினால் கட்டளை ரத்தாகும். கேப்ஸ் லாக்கைப் பார்த்துவிட்டு மறுபடி கொடுக்கலாம். சரியாக அடித்துவிட்டால், அடுத்த 15 நிமிடம் அதே டெர்மினலில் மறுபடி கேட்காது.

பழக்கதோஷத்தில் காப்பி செய்ய கண்ட்ரோல்+சி அழுத்திவிடாதீர்கள். இங்கே அது ஓடும் வேலையை நிறுத்தும் சாவி. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் பாதியில் நின்றுபோகும். காப்பிக்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி, பேஸ்டுக்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி.