காரை ஓடைகளில் புதைபடிவம் தேடுவது எப்படி: முதன்முறை செல்பவர்களுக்கு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஓடைகள் மழைக்காலம் தவிர ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கின்றன. அவற்றில் இறங்கி நடப்பவர் கண்ணில் படுவன கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள். கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியாவின் கிழக்குக் கரை உருவான பின் இப்பகுதிக்குள் கடல் புகுந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இடையிடையே பின்வாங்கியும் மீண்டும் ஏறியும், 6 கோடிச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அது இங்கே களிமண்ணையும் மணலையும் சுண்ணாம்பையும் படிய வைத்தது. 1840களில் இங்கே சேகரித்து அனுப்பப்பட்ட சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் (சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன, கணவாய் இனத்தின் உறவான கடலுயிர்கள்) பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். 1860களில் நிலவியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றின் உயிரெச்சங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார். இந்தப் பெயர்களை உலகெங்கும் நிலவியல் படிப்பவர்கள் அறிவார்கள். நம் பள்ளி மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதல் பயணத்துக்குப் பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்தைச் சுற்றியுள்ள ஓடைகளைப் பரிந்துரைக்கிறேன். இங்குள்ள களிமண் மென்மையானது. மழைநீர் அதை எளிதாக அரித்துச் சிறு சிறு பள்ளங்களாகவும் மேடுகளாகவும் செதுக்கிவிடுகிறது. ஆகவே தோண்டாமலேயே பார்க்க முடிகிறது. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பெரிய சிப்பிகள் அடர்ந்து கிடப்பது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் சிமென்ட் ஆலைகளின் சுரங்கங்களில் உள்ளவை. நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் அதைவிட ஆபத்தானவை: விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, தேங்கிய நீரின் ஆழமும் வெளியே தெரியாது.

ஜனவரி முதல் மார்ச் முதல் வாரங்கள் வரை செல்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை களிமண்ணின் மேற்பரப்பைக் கழுவிப் புதியவற்றை வெளியே கொண்டுவந்திருக்கும். வெயிலும் இன்னும் கடுமையாகியிருக்காது. மழை பெய்த மறுநாளே போவது வீண். ஈரக் களிமண் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்கவே விடாது. மேற்கே மழை பெய்தால், நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடையில் தண்ணீர் வந்துவிடக்கூடும். காரையில் நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்பதால், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவை கட்டாயம் வேண்டும். சீமைக்கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். கரையிடுக்குகளிலும் கல்லுக்கு அடியிலும் பார்க்காமல் கையை நுழைக்கக் கூடாது. விரியன்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தண்ணீர் தெளிக்கும் சிறு புட்டி, மென்மையான பெயின்ட் பிரஷ், அடிக்கோல், குறிப்பேடு, இருப்பிடம் காட்டும் கைபேசி ஆகியவை போதும். சுத்தியலும் உளியும் வேண்டாம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பழகாத கையில் சுத்தியல் பாறையைப் பிளப்பதற்கு முன் புதைபடிவத்தைப் பிளந்துவிடுகிறது. புறப்படுமுன் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் இணையதளத்தில் அப்பகுதியின் நிலவியல் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கே பழைய பாறைகளும், கிழக்கே செல்லச் செல்லக் காலத்தால் இளைய பாறைகளும் மேற்பரப்புக்கு வருகின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்திருந்தாலே, நிற்கும் இடம் பழைய கடலின் தொடக்கப் பகுதியா முடிவுப் பகுதியா என்பது ஓரளவு விளங்கும்.

ஓடைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பட்டா நிலத்தின் வழியாகத்தான் போகும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம், "ஐயா, சங்கு மாதிரி, சிப்பி மாதிரி கல்லு எந்தப் பக்கம் கிடக்கும்?" என்று கைபேசியில் உள்ள படத்தைக் காட்டிக் கேட்டால், வரைபடம் சொல்லாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஆண்டு முழுவதும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள்.

தேடுவதற்குக் காலையும் மாலையும் ஏற்றவை. சாய்வாக விழும் வெயிலில்தான் அம்மோனைட்டின் விலா வரிகள் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே இருக்கும். ஓடையின் வளைவுகளில், நீரின் வேகம் குறையும் உட்பக்கத்தில் சேர்ந்திருக்கும் சரளையிலிருந்து தொடங்குங்கள். குனிந்து நின்று, சுமார் ஒரு சதுர மீட்டர் இடத்தைக் கண்ணால் முழுமையாகத் துழாவிய பின் அடுத்த அடி வையுங்கள். வேகமாக நடப்பவர் கண்ணில் ஜிப்சம் என்ற மென்மையான கனிமத்தின் மினுமினுப்பு மட்டுமே படும்.

அந்த ஜிப்சம் புதியவர்களை நிறைய ஏமாற்றுகிறது. காரைக் களிமண்ணில் அது தகடு தகடாகவும் நார் நாராகவும் ஓடுகிறது. நகத்தால் கீறிப் பாருங்கள்: ஜிப்சத்தில் கீறல் விழும். அதே களிமண்ணில் சுட்டுவிரல் பருமனில், ஒரு முனை கூராகத் தேன் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ கிடக்கும் பெலெம்னைட்டில் நகம் இறங்காது. பெலெம்னைட் கணவாயின் தொலைதூர உறவு. நமக்குக் கிடைப்பது அதன் உடலுக்குள் இருந்த, கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தாலான தண்டு. உடைந்து கிடக்கும் துண்டின் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸில் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எல்லாப் பக்கமும் விரிந்து செல்லும் மெல்லிய இழைகளையும், அவற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக வளர்ந்த வளையங்களையும் காணலாம். ஒரு தடவை பார்த்துவிட்டால் வேறு எந்தக் கல்லையும் பெலெம்னைட் என்று மயங்க மாட்டீர்கள்.

நத்தை போலச் சுருண்ட சிறு குழாய்கள் கிடைத்தால் அவை பெரும்பாலும் நத்தைகளாக இரா. சுண்ணக் குழாய் கட்டி வாழ்ந்த கடற்புழுக்களின் கூடுகளாக இருக்கும். அம்மோனைட்டுகள் முழுதாகக் கிடைப்பது அரிது. சுருளின் கால்வட்டத் துண்டு கிடைத்தாலும் வரிகளின் ஒழுங்கை வைத்து அடையாளம் காணலாம். வரிகள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவது உயிரின் வேலை என்று பொதுவாகக் கொள்ளலாம். உருண்டை வடிவம் மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. 2020இல் குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது வெளிப்பட்ட பெரிய கல்லுருண்டைகள் டைனோசர் முட்டைகள் என்று பரபரப்பாகப் பேசப்பட்டன. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு அவை களிமண்ணுக்குள் இறுகி வளர்ந்த உருண்டைகள் என்று விளக்கினார்கள். அத்தகைய உருண்டைகளின் நடுவில் சில சமயம் அம்மோனைட் இருக்கும் என்பதால் அவற்றுக்கும் மதிப்பு உண்டு.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சரளையில் கிடைப்பது நீர் உருட்டி வந்தது. அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரியாத வரை, அதிலிருந்து காலத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றைக் கண்டதும் அதன் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் வெகுதூரம் உருண்டிருக்கிறது. கூர்மையாக இருந்தால் பிறந்த இடம் அருகில்தான். அதே வகைத் துண்டுகள் தென்பட்டுக்கொண்டிருக்கும் வரை ஓடையின் மேல்திசையில் நடந்துகொண்டே இருங்கள். ஓரிடத்தில் அவை சட்டென்று நின்றுவிடும். அங்கிருந்து சற்றுக் கீழே வந்து இரு கரைகளையும் உற்று நோக்கினால், அந்தத் துண்டுகளை உதிர்க்கும் அடுக்கைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். கரையில் பாதி புதைந்து நிற்கும் ஒரு சிப்பி, சரளையில் பொறுக்கிய ஒரு கூடைச் சிப்பிகளைவிட அதிகம் சொல்லும்: அது எந்த மண்ணில் கிடக்கிறது, இரு ஓடுகளும் சேர்ந்திருக்கின்றனவா, பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதெல்லாம் அங்கே கலையாமல் இருக்கும்.

கண்டதைத் தொடுவதற்கு முன் பதிவு செய்யுங்கள். முதலில் கரை முழுவதும் தெரியும்படி ஒரு படம். பிறகு அடிக்கோலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ பக்கத்தில் வைத்து நெருக்கமாக ஒரு படம். குறிப்பேட்டில் தேதி, அட்சரேகை தீர்க்கரேகை, ஓடைத் தரையிலிருந்து எவ்வளவு உயரம், மேலும் கீழும் உள்ள மண்ணின் நிறமும் தன்மையும், கிடைத்தது சரளையிலா அடுக்கிலா என்பன இருக்க வேண்டும். கையால் ஒரு சிறு படமும் வரைந்துகொள்ளுங்கள். கேமரா தவறவிடும் வரிகளை வரையும் கை கவனிக்க வைக்கிறது.

எடுத்து வரலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதன்முறை செல்பவர் எதையும் எடுத்து வர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காரையில் எளிதில் கண்ணுக்குத் தெரிபவை ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருக்கின்றன. வீட்டு அலமாரியில் பெயரும் இடமும் எழுதாமல் கிடக்கும் அம்மோனைட்டால் யாருக்கும் பயனில்லை. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம் (கல்லாக மாறிய மரம்) 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணனால் கண்டறியப்பட்டு, இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக வேலிக்குள் காக்கப்படுகிறது. அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அப்படிக் காக்கப்பட்டதால்தான் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுற்றி வந்து பார்க்க முடிகிறது.

எலும்போ பல்லோ பெரிய அம்மோனைட்டோ அடுக்கில் தென்பட்டால் சுற்றியுள்ள மண்ணைக்கூடச் சுரண்ட வேண்டாம். படங்களையும் இருப்பிடக் குறிப்பையும் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கோ, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ அனுப்புங்கள். சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள். வீடு திரும்பிய அன்றே, நினைவு மங்குமுன், ஒவ்வொரு படத்துக்கும் எண்ணிட்டு அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதிவிடுங்கள். பெயர் தெரியாதவற்றுக்கு ஊகமாகப் பெயர் சூட்டாமல் "சுருண்ட குழாய், 2 செ.மீ." என்பதுபோல் கண்டதை மட்டும் எழுதினால் போதும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் சென்று காட்சியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பெயர் அங்கேயே கிடைத்துவிடும்.