பூமியை அளவு பிசகாமல் ஒரு காகிதப் பட்டையில் வரையும் முறை

பூமியின் உள்ளமைப்பைக் காட்டும் வட்டப் படத்தில் மேலோடு ஆரஞ்சுத் தோல் கனத்துக்கு இருக்கும். அதற்கு வெளியே வளிமண்டலம் தாராளமாகப் பரந்திருக்கும். பெயர் எழுத இடம் வேண்டுமே என்று அப்படிப் பெருக்கி வரைகிறார்கள். அதையே உண்மையான அளவு என்று எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். ஒருமுறை அளவோடு வரைந்து பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். ஒரு மணி நேர வேலை.

தேவையானவை: ஏ4 தாள் ஒன்று, பசை, மில்லிமீட்டர் குறியுள்ள 30 செ.மீ. ஸ்கேல், 0.5 மி.மீ. முனைப் பென்சில், கலர் பென்சில்கள்.

அளவு: 1 மி.மீ. = 10 கி.மீ. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் பட்டையில் அது 637 மி.மீ. வரும்.

படி 1: பட்டை

தாளை நீளவாக்கில் 6 செ.மீ. அகலத்தில் மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். ஒன்றின் முனை அடுத்ததன் மேல் 1 செ.மீ. ஏறும்படி ஒட்டினால் 87 செ.மீ. கிடைக்கும். அதில் 72 செ.மீ. வைத்துக்கொண்டு மீதி 15 செ.மீ. துண்டைப் பத்திரப்படுத்துங்கள், கடைசிப் படிக்கு அது வேண்டும்.

படி 2: தரைமட்டக் கோடு

மேல் விளிம்பிலிருந்து 70 மி.மீ. கீழே ஒரு கோடு. இதுதான் கடல்மட்டம். இனி எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் முந்தையதன் முடிவிலிருந்து அளந்துகொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே போகும், அரை மி.மீ. தவறினாலே 5 கி.மீ. போய்விடும்.

படி 3: கவசமும் கருவும்

கோட்டிலிருந்து கீழே 289 மி.மீ.: மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவிலுள்ள கவசத்தின் அடி (2,890 கி.மீ.). கவசத்தையும் கருவையும் பிரிக்கும் இந்த இடத்துக்குக் குட்டன்பெர்க் எல்லை என்று பெயர். 515 மி.மீ.: வெளிக்கரு முடிந்து உட்கரு தொடங்கும் இடம் (5,150 கி.மீ.). 637 மி.மீ.: பூமியின் மையம்.

உட்கரு விஷயத்தில்தான் அதிகம் பேர் வழுக்குவார்கள். அதை 1,220 கி.மீ. என்று படித்திருப்பார்கள். அது ஆரம், ஆழம் அல்ல. கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவே 122 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

யாரும் இறங்கிப் பார்க்காத இடங்களுக்கு இந்த எண்கள் நிலநடுக்க அலைகளிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரு வகையான எஸ் அலை, பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போவது, திரவத்தில் பரவாது. பெரிய நிலநடுக்கம் ஒன்றின் எஸ் அலை, பூமியின் மறுபக்கத்தில் உள்ள கருவிகளுக்கு நேராக வந்து சேர்வதில்லை. நடுவே திரவம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் திரவத்துக்குள் திடமான உட்கரு ஒன்று உண்டு என்று 1936-இல் எடுத்துச் சொன்னவர் டென்மார்க் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann).

இப்போது வண்ணம். கவசத்துக்குச் சிவப்பை எடுக்காதீர்கள். உள்ளே முழுக்க எரிமலைக் குழம்பு என்ற எண்ணம் அந்தச் சிவப்பிலிருந்துதான் வருகிறது. எஸ் அலை கவசத்தைத் தாராளமாகக் கடக்கிறது, ஆகவே அது திடப் பாறை. ஆண்டுக்குச் சில செ.மீ. வேகத்தில் நகரும் பாறை. சில இடங்களில் மட்டும் அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. மேல் கவசத்தில் மிகுதியாக இருக்கும் கனிமம் ஆலிவைன். அதன் நிறம் பச்சை. எனவே பச்சையே பொருத்தம்.

படி 4: மேலோடு

பட்டையை நெடுக்காக இரு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்டம்: தரைமட்டத்திலிருந்து 3.5 மி.மீ. கீழே ஒரு கோடு. வலப்பக்கம் கடலடி: மேலோட்டின் தடிமன் சுமார் 7 கி.மீ., அதாவது 0.7 மி.மீ. உங்கள் பென்சில் கோட்டின் கனமே 5 கி.மீ. என்பதால் தனியாக வரைய இடமிருக்காது, கோட்டைச் சற்று அழுத்தி விடுங்கள். கடலின் சராசரி ஆழமான 3.7 கி.மீ. அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். மனிதர் தோண்டியதில் மிக ஆழமான கோலா துளை 12,262 மீட்டர். இடப்பக்கம் 1.2 மி.மீ.க்கு ஊசியால் ஒரு கீறல் போடுங்கள். மேலோட்டையே அது தாண்டவில்லை.

படி 5: வளிமண்டலம்

தரைமட்டத்துக்கு மேலே 1.2 மி.மீ. கீழடுக்கு (துருவத்தில் குறையும், நிலநடுக்கோட்டில் கூடும்), 5 மி.மீ. வரை மீள் அடுக்கு, 8.5 வரை இடையடுக்கு, சுமார் 60 வரை வெப்ப அடுக்கு. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 40 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி. மழை, மேகம், புயல் எல்லாம் அந்த முதல் 1.2 மி.மீ.க்குள்.

படி 6: மீதித் துண்டில் வெப்பநிலை வரைபடம்

இங்கே அளவு மாறுகிறது: நெடுக்கில் 1 மி.மீ. = 1 கி.மீ., குறுக்கில் 1 மி.மீ. = 2 டிகிரி செல்சியஸ். இட விளிம்பு −100 டிகிரி, வல விளிம்பு +20. திட்ட வளிமண்டலத்தின் (சராசரி நிலையைக் காட்டப் பொதுவாக ஏற்றுக்கொண்ட மாதிரி) புள்ளிகள் இவை:

0 கி.மீ.: 15
11 கி.மீ.: −56
20 கி.மீ.: −56
32 கி.மீ.: −44
47 கி.மீ.: −2
51 கி.மீ.: −2
71 கி.மீ.: −58
86 கி.மீ.: −86

வெப்பநிலையோடு 100 கூட்டி இரண்டால் வகுத்தால் இட விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. என்பது வரும், −56-க்கு 22. புள்ளிகளை நேர்கோடுகளால் இணையுங்கள். வளைத்து அழகுபடுத்த வேண்டாம், கோடு திரும்பும் இடங்கள்தான் அடுக்குகளைப் பிரிக்கின்றன. கீழடுக்கு தரையிலிருந்து சூடேறுவதால் மேலே போகப்போக கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. மீள் அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் கோடு வலப்பக்கம் திரும்புகிறது.

வெப்ப அடுக்கை இந்தத் துண்டில் சேர்க்க வேண்டாம். அங்கே 1,000 டிகிரியைத் தாண்டும் எண்கள் வரும், ஆனால் காற்று அவ்வளவு அரிதாக இருப்பதால் அந்தச் சூடு உடம்பில் உறைக்காது. காற்றின் நிறையில் பாதி 5.5 கி.மீ. உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முதல் பட்டையில் அது பென்சில் கோட்டின் கனம்.