பொடி நத்தைக்குப் பெயர் வைக்கும் அவசரம்

காசிமேடு, திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் கற்களிலும் எண்ணூர்க் கழிமுகச் சேற்றிலும் நகக்கண் அளவு நத்தைகளைப் படமெடுத்து இனம் காண்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் பெயர் சூட்டும் அவசரத்தில் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், நிறத்தை நம்புவது. மணலுக்குள் புதைந்து வாழும் அம்போனியம் வெஸ்டியேரியம் நத்தைகளை ஒரு கை அள்ளினால் ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் கோடு, ஒன்றில் புள்ளி என்றிருக்கும். எல்லாம் ஒரே இனம். இதற்கு நேர்மாறானது அலையாத்தி மரங்களில் ஏறி வாழும் லிட்டோரேரியா நத்தையின் கதை. பலவகைத் தோற்றம் கொண்ட ஒரே இனமாகவே அதை நெடுங்காலம் கருதிவந்தார்கள். உடலின் உள்ளுறுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்த நத்தை ஆய்வாளர் டேவிட் ரீட், அது பல இனங்களின் கூட்டம் என்று 1986இல் காட்டினார். ஓட்டின் தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரு பக்கமும் பள்ளம்தான்.

சிறியதெல்லாம் குஞ்சு என்று நினைப்பது அடுத்தது. நியூ கலிடோனியாவின் ஒரே கடற்பகுதியில் நத்தை, சிப்பி போன்ற 2,738 மெல்லுடலி இனங்களைக் கண்டறிந்ததாக 2002இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, முழுதாக வளர்ந்தும் 4 மில்லிமீட்டரைத் தாண்டாதவை! ஆகவே அளவை விட்டுவிட்டு வாய் விளிம்பைப் பாருங்கள். வளர்ந்த சோழியின் வாய் குறுகி, இரு ஓரமும் தடித்து, பல் வரிசை தெரியும். இளஞ்சோழிக்கு ஓடு மெல்லியது, விளிம்பு கூர்மையானது, பல்லே கிடையாது. அதைக் கொண்டுபோய் வேறு குடும்பத்தில் சேர்த்துவிடுவது சர்வசாதாரணம்.

சுருளின் திசையைப் பார்க்க, ஓட்டின் கூர்நுனியை மேலே வைத்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். கடற்பஞ்சு தின்னும் டிரைபோரிடே குடும்பத்திலோ பெரும்பாலும் இடப்பக்கம். செல்போனின் முன்பக்கக் கேமரா சில நேரம் படத்தை இடவலமாக மாற்றிவிடும். அதை நம்பி அபூர்வம் கிடைத்துவிட்டதென்று துள்ள வேண்டாம்.

ஓடு கிடந்த இடமே நத்தை வாழ்ந்த இடம் என்றும் எழுதிவிடாதீர்கள். காலி ஓட்டுக்குள் குடியேறும் துறவி நண்டு அதைச் சுமந்துவந்திருக்கலாம்.

பழைய பெயர்களும் காலை வாரும். கழிமுகச் சேற்றில் மொய்த்துக் கிடக்கும் கூம்பு வடிவ நத்தை, பழைய நூல்களில் செரித்திடியா சிங்குலேட்டா. இப்போது பைரெனெல்லா சிங்குலேட்டா. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் இல்லாத ஓர் இனம் பட்டியலில் கூடிவிடும். உலகக் கடலுயிரினப் பதிவேட்டில் (WoRMS) தேடினால் இன்றைய பெயர் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.