போஸ்ட்கிரெஸ் பில்டில் கம்பைலர் கோளாறைத் தேடும் முறை

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை மூலநிரலிலிருந்து கட்டும்போது, கட்டும் கட்டளையான 'மேக்' சத்தமில்லாமல் முடிந்தால் எனக்குத் திருப்தி வராது. கட்டியதைச் சோதிக்கும் 'மேக் செக்' தேறாத எதையும் நான் சர்வரில் ஏற்ற விடுவதில்லை. பில்டையே நிறுத்திவிடும் கோளாறு கண்ணில் பட்டுவிடும். தவறான விடை தந்துகொண்டே ஓடும் பைனரிதான் பயங்கரம்.

'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று வந்தால் பழி கம்பைலர் மேல்தான். 'கில்ட்' என்று சொல்லி சிசி1 (ஜிசிசி கம்பைலரின் உள் புரோகிராம்) விழுந்தால் பெரும்பாலும் மெமரி தீர்ந்திருக்கும். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஃபைலில் விழுந்தால் ரேமைச் சோதியுங்கள்.

டெஸ்ட் தோற்றால், எதிர்பார்த்த விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும் 'ரெக்ரெஷன் டிஃப்ஸ்' ஃபைலைப் படியுங்கள். அப்புறம் அதே மூலநிரலை ஓ0-வில், அதாவது கம்பைலரின் ஆப்டிமைசேஷன் இல்லாமல், கட்டுங்கள். ஓ0-வில் சரியாகி, ஆப்டிமைசேஷன் உள்ள ஓ2-வில் மட்டும் தவறினால்கூடக் கம்பைலரைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். ஸி மொழியில் சைன்ட் இன்டிஜர் (குறை எண்ணும் ஏற்கும் முழு எண்) எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று வரையறையே இல்லை. கூட்டிய பின் விடை சிறுத்துவிட்டதா என்று பார்க்கும் பழைய சோதனையை, 'இது நடக்கவே நடக்காது' என்று ஜிசிசி தூக்கிவிடலாம். அதற்காகத்தான் போஸ்ட்கிரெஸின் கான்ஃபிகர், எல்லை தாண்டிய எண் மறுமுனைக்குச் சுற்றிவரும் என்று கம்பைலருக்குச் சொல்லும் 'எஃப்-ராப்-வி' கொடியைத் தானே சேர்க்கிறது. பிஜிஎக்ஸ்எஸ் (எக்ஸ்டென்ஷன் கட்ட போஸ்ட்கிரெஸே தரும் அமைப்பு) இல்லாமல் சொந்த மேக்ஃபைலில் கட்டும் எக்ஸ்டென்ஷன்களில் இந்தக் கொடி விட்டுப்போகும். நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

அதுவும் சரியாக இருந்தால், பாதி ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஓ0-விலும் மீதியை ஓ2-விலும் கட்டி லிங்க் செய்யுங்கள். கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி இரண்டாக்குங்கள். எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டாம்: ஒரு டைரக்டரியின் ஆப்ஜெக்ட் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு, மேக்கிடம், கூடுதல் கம்பைலர் கொடிகளுக்கான 'சிஓபிடி' மாறியில் ஓ0 கொடுத்தால் போதும். எண்கள் தவறினால் டேட்டா டைப்களின் நிரல் இருக்கும், 'யூட்டில்ஸ்'-இன் கீழுள்ள 'ஏடிடி' டைரக்டரியில் தொடங்குவேன், இண்டெக்ஸ் தவறினால் பி-ட்ரீ இண்டெக்ஸின் நிரல் இருக்கும் 'என்பிட்ரீ'யில். ஃபைல் சிக்கியதும், ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை மாற்றும் 'ஆப்டிமைஸ்' ஆட்ரிபியூட்டை ஒவ்வொரு ஃபங்ஷனாகப் போட்டு நெருங்கலாம். ஜிசிசி 12-லிருந்து ஓ2-விலேயே வெக்டரைசேஷன் (பல கணக்குகளை ஒரே கட்டளையில் செய்யும் உத்தி) உண்டு. 11-இல் ஓடியது 12-இல் விழுந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். கம்பைலர் கிளாங் என்றால் அதன் 'ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்' ஆப்ஷன், ஆப்டிமைசேஷனின் எந்தப் படியில் கெடுகிறது என்றே காட்டிவிடும்.

கோளாறு கம்பைலரில்தான் என்று உறுதியாகி, அதைச் செய்பவர்களுக்குப் புகார் அனுப்பும்போது ப்ரீப்ராசஸ் செய்த ஃபைல், கம்பைலர் பதிப்பு, முழுக் கட்டளை வரி மூன்றும் வேண்டும். சிவைஸ் என்ற கருவி கொண்டு ஃபைலைச் சுருக்கி அனுப்பினால் படிப்பவர் கும்பிடுவார். திருத்தம் வரும்வரை அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஓ1 வைத்து, புகார் எண்ணை மேக்ஃபைலில் எழுதி வையுங்கள்.

கெட்ட பைனரி ஏற்கெனவே சர்வரில் ஓடியிருந்தால் வேலை இன்னும் இருக்கிறது. ஒப்பிடும் ஃபங்ஷன் தவறியிருந்தால் இண்டெக்ஸின் வரிசையே கெட்டிருக்கும். புதிய பில்டை ஏற்றியதும், டேபிள்களையும் இண்டெக்ஸ்களையும் சோதிக்கும் 'பிஜி-ஆம்செக்' ஓட்டி, அது சுட்டும் இண்டெக்ஸ்களை 'ரீஇண்டெக்ஸ்' கட்டளையால் புதிதாகக் கட்டுங்கள்.