நான்கு மாத ஜாப் ஒர்க்குக்கு எந்தத் தொழில் அமைப்பு பொருந்தும்?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதியாளரின் தையல் ஆர்டரை நான்கு மாதத்துக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது அவர் தரும் பொருளில் கூலிக்குச் செய்துதரும் வேலையாக, எடுப்பவரும், கோவையில் பம்பு உதிரிபாகங்களுக்கு லேத் வேலையை ஒப்புக்கொள்பவரும் முதலில் கேட்பது, ‘கம்பெனி பதிய வேண்டுமா?’ என்பதுதான். கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது, வேலை முடிந்த பிறகு அந்தக் கம்பெனியை எப்படி மூடப் போகிறீர்கள் என்பதே.

தனி ஆளாகச் செய்தால் தனி உரிமையாளர் தொழிலே போதும். உங்கள் பான் எண்ணே தொழிலுக்கும் எண். பில்லில் பிடிக்கப்படும் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துச் செலுத்தும் வருமான வரி) 1 சதவீதம், கூட்டாக நடத்தும் பங்குதாரர் நிறுவனமென்றால் 2 சதவீதம். ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும். சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவை மட்டும் ஆர்டரை ஏற்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அது கையில் இருந்தால், ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டியது வாங்குபவரின் சட்டக் கடமை. ஆனால் பீஸ் கெட்டு, அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் வந்தால், உங்கள் சொந்தச் சொத்தும் அதற்குப் பொறுப்பாகும்.

இருவர் சேரும்போதுதான் கவனம் தேவை. ஒருவரிடம் பன்னிரண்டு மெஷின்கள், மற்றவரிடம் ஆர்டர். முத்திரைத்தாளில் ‘லாபம் சரிபாதி’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்ட இருவர் என்னிடம் வந்தனர். ஆர்டர் முடிந்ததும், இடையில் கூட்டுப் பணத்தில் வாங்கிய இரண்டு ஓவர்லாக் மெஷின்கள் யாருக்கு என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் குறிப்பிட்ட ஒரு வேலைக்காக மட்டும் கூட்டுச் சேர்வதை அனுமதிக்கிறது. வேறு விதமாக எழுதியிராவிட்டால், அந்த வேலை முடிந்ததும் கூட்டும் கலைந்துவிடும். எனவே எந்த ஆர்டர், யார் போட்டது எவ்வளவு, மெஷின் யாருடையது, டெபிட் நோட் வந்தால் எந்த விகிதத்தில் தாங்குவது என்பவற்றைப் பத்திரத்தில் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளுங்கள். பதியாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியார்மீது வழக்குத் தொடர முடியாது.

எல்.எல்.பி. (வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட் கம்பெனி இரண்டிலும் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான். ஆயினும் ஒரு பில்கூடப் போடாத ஆண்டிலும் எல்.எல்.பி. தன் ஆண்டுப் படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிக்குத் தணிக்கையும் கட்டாயம். 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள தனிநபருக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் உள்ள உத்தேச லாப வரிமுறை (விற்றுமுதலின் குறிப்பிட்ட பங்கையே லாபமாகக் கொண்டு வரி கட்டும் முறை) இவ்விரண்டுக்கும் கிடையாது. ஆர்டர்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இருந்தாலோ, ஒரே டெபிட் நோட் வீட்டையே விழுங்கும் அளவுக்குச் சரக்கின் மதிப்பு பெரிதாக இருந்தாலோ மட்டுமே இவற்றைப் பரிந்துரைப்பேன்.

கூட்டு கலைந்த அன்றே நிறுவன வங்கிக் கணக்கை மூடி, பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள். அந்த அறிவிப்பு வெளிவரும்வரை, உங்கள் கூட்டாளி நிறுவனத்தின் பெயரில் நூல் கடையில் வாங்கும் கடனுக்கு நீங்களும் பொறுப்பாக நேரிடும்.