ஆர்15-க்கு 150 டயர் போடப் போகிறீர்களா?

யமஹா ஆர்15 வி3 பைக் வைத்திருக்கும் தம்பிகள் பின் டயர் தேய்ந்ததும் முதலில் கேட்பது, "அண்ணா, 150 போடலாமா?" என்றுதான். போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 150 போடுவதற்கு முன்பு இடுப்பை லேசாக நகர்த்தினாலே உள்ளே சாய்ந்த வண்டியை அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் ஹேண்டிலைத் தள்ளித் தள்ளித்தான் திருப்பினேன், கீழே இறங்குவதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல வலி.

காரணம் டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது. கம்பெனி பின்னால் தருவது 140/70. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 140-இல் 70 சதவீதம் என்றால் 98 மி.மீ. கடையில் எடுத்துத் தரும் 150/60-இல் அதே கணக்கு 90 மி.மீ. ஆக, டயர் பெரிதானதாக நாம் நினைக்கிறோம், வண்டியின் பின்பக்கமோ 8 மி.மீ. கீழே இறங்கிவிட்டது. பின்னால் இறங்கினால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கொஞ்சம் படுக்கும், படுத்த ஃபோர்க் நேர் ரோட்டில் நிதானமாகப் போகும், வளைவில் திரும்பச் சோம்பல்படும். போதாததற்கு 140-க்கு அளவெடுத்த ரிம்மில் 150-ஐத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு மேடாகிவிடும். கேடிஎம் ஆர்சி 390-க்கு 150/60 கம்பெனியே தருகிறதே என்பார்கள். அந்த வண்டியின் ரிம்மும் ஃபோர்க் கோணமும் அந்த டயரை வைத்தே செய்தவை.

அதனால் சைஸை மாற்றாமல் டயரின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே 140/70-இலேயே சில டயர்கள் நடுவில் கூம்பி ஓரத்துக்குச் சரியும், சில நல்ல உருண்டையாக இருக்கும். கூம்பியது சட்டென்று சாயும், உருண்டை ஒரே சீராகச் சாயும். எனக்குப் பிடித்தது உருண்டைதான், எவ்வளவு சாய்த்திருக்கிறோம் என்பது அதில் கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பழைய டயரைக் கழற்றும் முன் உள்ளங்கையை அதன் குறுக்கே வைத்துத் தடவிப் பாருங்கள். சென்னை–திருச்சி ரோட்டிலேயே ஓடிய டயர் என்றால் நடுவில் தட்டையாகி, இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு கையில் தட்டும். வளைவில் வண்டி முதலில் சாய மறுத்து, அந்த விளிம்பைத் தாண்டியதும் தொப்பென்று விழுவது இதனால்தான். பட்டன் (டயரின் மேல் இருக்கும் ரப்பர் மேடுகள்) இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அதையே ஓட்டாதீர்கள்.

அப்புறம் ரப்பர். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் டிராக் டே அன்று ஓட்டுகிறவர்கள் போடும் மிருதுவான டயர் சூடு ஏறினால்தான் பிடிக்கும், காலையில் ஆபீஸ் போகிற ஐந்து கிலோமீட்டரில் அது சூடே ஆகாது. நமக்குத் தினசரி ஓட்டத்துக்கும் தூரப் பயணத்துக்கும் ஆகிற ஸ்போர்ட் டூரிங் வகை போதும், மழையிலும் நம்பலாம். பின்னால் கம்பெனி ரேடியல் (உள்ளே நூல் அடுக்கு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்குறுக்காக ஓடும் டயர்) தந்திருந்தால் ரேடியலே வாங்குங்கள், விலை குறைவு என்று சாதா டயருக்கு இறங்க வேண்டாம்.

கடையில் டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. எனக்கு ஒருமுறை நான்கு வருடப் பழசைப் புதுசு என்று கட்டிவிட்டார்கள், முதல் மழையிலேயே பின் சக்கரம் வழுக்கியபோதுதான் எண்ணைப் பார்த்தேன். மாட்டியதும் பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்றை வண்டி ஓட்டும் முன், டயர் ஆறியிருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்கு அடியுங்கள். முன் டயரில் காற்று குறைந்தாலே ஹேண்டில் கனத்துவிடும், அதற்குப் பயந்து டயரையே மாற்றியவர்கள் உண்டு.

புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கும் ஆழமான சாய்வும் வேண்டாம், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். ஓரம் வரை பளபளப்பு போய் மங்கலானதும் கொல்லிமலைக்கு விடலாம்.