மரை ஏறினால் போதுமா? ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சின்ன லென்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஃபிலிம் கேமரா மறுபடி கண்ணில் படுகிறது. தோளில் ஜோர்க்கியோ கேனன் பி-யோ தொங்கும். வசதி இருந்தால் லைக்கா எம். எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் வகை: லென்ஸ் வழியே பார்க்காமல், தனி ஜன்னலில் இரண்டு பிம்பத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் கேமரா. புதிதாக இறங்குகிறவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: தேர்க்கூட்டத்தில் முன்னால் துருத்தாத, சட்டைப்பையில் அடங்குகிற லென்ஸ் எது? நல்ல கேள்வி. ஆனால் பதில் தேடும்போது எல்லாரும் லென்ஸின் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் காசைக் கரைப்பது பின்பக்கம்.

மூடியைக் கழற்றாமல் 36 படமும் எடுப்பது, ஃபிலிம் சுற்றாமலே சுற்றியதாக நினைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை இரண்டாவது ரோலில் தானே தெளிந்துவிடும்.

மரை ஏறியது, ஆகவே பொருந்தியது என்று நினைப்பது

இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்கிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஆள் அதே பார்சலைப் பிரித்துக்கொண்டு நிற்கிறார்.

39 மி.மீ. திருகு மரை என்பது ஒரு அளவு மட்டுமே. அந்த மரையில் லைக்கா வகை ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் உண்டு, பழைய ஜெனிட் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியே பார்க்கும் கேமரா) லென்ஸ் உண்டு, இருட்டறையில் படம் பெரிதாக்கும் என்லார்ஜரின் லென்ஸும் உண்டு. மூன்றும் ஒரே கேமரா உடலில் அழகாக ஏறி உட்காரும். லைக்கா திருகு மவுன்ட்டில் லென்ஸ் உட்காரும் தளத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. ஜெனிட்டில் அது 45.2 மி.மீ. ஜெனிட்டுக்குச் செய்த லென்ஸை ஜோர்க்கியில் மாட்டினால் 16.4 மி.மீ. உள்ளே போய்விடுகிறது; எந்தத் தூரத்திலும் ஃபோகஸ் விழாது. வியூஃபைண்டர் வழியே எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், ஏனென்றால் நாம் பார்ப்பது லென்ஸ் வழியே அல்ல.

இண்டஸ்டார்-50 இதில் பெரிய கண்ணி. ஒரே பெயரில் ரேஞ்ச்ஃபைண்டர் வடிவமும் ஜெனிட் வடிவமும் வந்தன. ஜெனிட் வடிவம் தட்டையாக, வடை மாதிரி இருக்கும். "கையடக்கமான லென்ஸ்" என்று தேடுகிறவர் கண் நேராக அதில்தான் விழும். விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். மரைக்கு உள்ளே, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது முன்பின் நகரும் ஒரு உலோக வளையம் இருக்க வேண்டும். கேமராவுக்குள் நீட்டியிருக்கும் நெம்புகோலைத் தள்ளுவது அதுதான். அது இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஜூபிடர்-8எம் என்று 'எம்' சேர்ந்திருந்தால் அது கீவ் கேமராவுடையது. அதில் மரையே கிடையாது.

இதுவரை சொன்னது கண்ணால் பார்த்துப் பிடித்துவிடக்கூடிய தவறு. அடுத்தது அப்படியல்ல.

திருபுவனத்துத் தறிக்கூடம் ஒன்றில் ஒருவர் ஒரு ரோல் முழுக்க நெசவாளர் முகங்களை எடுத்தார். கேமரா கேனன் பி, லென்ஸ் ஜோர்க்கியிலிருந்து கழற்றிய ஜூபிடர்-8. தறிக்குப் பக்கத்தில் 1 மீட்டரில் உட்கார்ந்து, வெளிச்சம் போதாமல் அப்பெர்ச்சரை (ஒளி புகும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எஃப்2-க்குத் திறந்து எடுத்தார். ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பமும் கண்ணில் பொருந்தின. ரோல் சென்னைக்குப் போய் ஸ்கேனாகி வந்தபோது எல்லா முகத்திலும் கிருதா மயிர் மயிராகத் தெரிந்தது, கண் மங்கல். கேமராவைப் பழுதுக்குக் கொடுத்தார். அங்கே ரேஞ்ச்ஃபைண்டரைத் திருகித் தந்தார்கள். அதன்பிறகு, அதுவரை சரியாக இருந்த கேனன் லென்ஸும் தப்பாகிவிட்டது. காசும் போயிற்று, நல்ல கேமராவும் கெட்டது.

காரணம் இதுதான். லைக்கா, கேனன் உடல்கள் 51.6 மி.மீ. குவியத்தூரத்தை அடிப்படையாக வைத்து ரேஞ்ச்ஃபைண்டரை அளந்தவை. சோவியத் ஃபெட், ஜோர்க்கி உடல்களும் அவற்றின் லென்ஸ்களும் ஜெர்மன் கான்டாக்ஸ் கேமராவின் வழியில் 52.4 மி.மீ.-ஐ அடிப்படையாகக் கொண்டவை. இன்ஃபினிட்டியில், அதாவது வெகுதொலைவில், இரண்டும் ஒன்றே. 1 மீட்டரில் 51.6 லென்ஸ் ஏறத்தாழ 3 மி.மீ. வெளியே வர வேண்டும், 52.4 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 0.1 மி.மீ. கூடுதலாக வர வேண்டும். லைக்கா வகை உடல் அந்த 0.1-ஐக் கேட்பதில்லை. ஃபோகஸ் பொருளுக்கு 3 செ.மீ. பின்னால் விழுகிறது.

அந்த 0.1 பெரிதா சிறிதா என்பது அப்பெர்ச்சரைப் பொறுத்தது. எஃப் எண்ணை 0.03-ஆல் பெருக்குங்கள், ஃபிலிம் பக்கம் தாங்கக்கூடிய பிழை மி.மீ.-ல் வரும். எஃப்2-க்கு 0.06, எஃப்2.8-க்கு 0.084: இரண்டிலும் தோல்வி. எஃப்3.5-க்கு 0.105, நூலிழையில் தப்பும். எஃப்4-க்கு 0.12, கவலையில்லை. தூரம் 3 மீட்டர் ஆனால் பிழையே 0.03-ஆகச் சுருங்கிவிடும். அதனால்தான் உள்ளே மடங்கும் இண்டஸ்டார்-22 போன்ற எஃப்3.5 லென்ஸ் லைக்காவிலும் ஒழுங்காக நடக்கிறது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருப்பார்கள், அல்லது எப்போதும் எஃப்8-ல் எடுப்பார்கள்.

ஒரு ரோலை வீணாக்காமல் இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ரோல் அனுப்பி, ஸ்கேன் வந்து, தப்பு தெரிவதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும் என்பதால் இது இன்னும் அவசியம்.

2 மி.மீ. கண்ணாடியில் 30க்கு 50 மி.மீ. துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். ஆட்டோ பாகக் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டில் மெல்லிய ரகத்தைத் தண்ணீர் தொட்டு, இன்னொரு கண்ணாடியால் ஒரு பக்கத்தை மட்டும் சீராக மங்கும்வரை உரையுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கிக் கழுவுங்கள். குளியலறை ஜன்னல் கண்ணாடி வேண்டாம், அதன் சொரசொரப்பு அதிகம். கண்ணாடிக்குப் பதில் டேப் ஒட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. டேப்பின் தடிமனே 0.05 மி.மீ. சொச்சம் வரும், நாம் தேடுவதோ 0.1.

கேமரா முதுகைத் திறந்து, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்துக் கேபிள் ரிலீஸால் பூட்டுங்கள். படச்சட்டத்தை ஒட்டிய உள் தண்டவாளங்களின் மேல், மங்கிய பக்கம் லென்ஸைப் பார்த்தபடி கண்ணாடியை வையுங்கள். ட்ரைபாட், தலைக்கு மேல் கறுப்புத் துணி, கையில் லூப் (சின்ன உருப்பெருக்கி). அப்பெர்ச்சர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். முதலில் தொலைவு: டெல்டாவில் இதற்குப் பஞ்சமில்லை, வயலுக்கு அப்பால் ஒரு கிலோமீட்டரில் நிற்கும் செல்போன் டவர் போதும். அடுத்து 3 மீட்டர். கடைசியாக 1 மீட்டரில், சாய்த்து வைத்த ஸ்கேலில் ஒரு கோட்டை ரேஞ்ச்ஃபைண்டரில் பொருத்திவிட்டு, கண்ணாடியில் எந்தக் கோடு கூர்மையாக விழுகிறது என்று பாருங்கள்.

எந்த லென்ஸ் மாட்டினாலும் ஒரே மாதிரி தப்பினால் குற்றம் கேமராவில். ஒரு லென்ஸ் மட்டும் தொலைவிலேயே தப்பினால் அந்த லென்ஸின் ஷிம் (உள்ளே இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) சரியில்லை; யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். தொலைவில் சரி, 3 மீட்டரில் சரி, 1 மீட்டரில் மட்டும் பின்னால் போனால் மேலே சொன்ன 52.4 கதை. இதைக் கேமராவைத் திருகிச் சரிசெய்யவே கூடாது. லென்ஸுக்குள் 0.1 மி.மீ. ஷிம் கூட்டினால் கிட்டத்தில் சரியாகும். அதற்கு விலையாக, தொலைவுக்கு எஃப்4 அளவுக்காவது மூட வேண்டியிருக்கும். முகம் மட்டும் எடுப்பவருக்கு அது லாபம்.

லைக்கா எம், கேனன் பி, ஜோர்க்கி-4, ஃபெட்-2 ஆகியவற்றில் முதுகு திறக்கும் அல்லது கழலும், ஆகவே இந்தச் சோதனை நடக்கும். அடிப்பக்கம் மட்டும் திறக்கும் பழைய திருகு லைக்காவிலும் ஜோர்க்கி-1-லும் நடக்காது. அவற்றுக்கான லென்ஸை நண்பரின் கேனனில் வைத்துப் பாருங்கள்.

மலிவு அடாப்டர்

திருகு லென்ஸை எம் உடலில் மாட்டும் வளையம் சரியாக 1.00 மி.மீ. இருக்க வேண்டும். 0.05 கூடினாலே 50 மி.மீ. லென்ஸ் இன்ஃபினிட்டிக்குப் போகாமல் 50 மீட்டர் பக்கத்தில் நின்றுவிடும். மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளந்து பார்த்து வாங்குங்கள்.

வியூஃபைண்டரில் இல்லாத கோணத்தை வாங்குவது

படத்தில் எவ்வளவு விழும் என்பதை வியூஃபைண்டரில் கோடு காட்டும். லைக்கா எம்3-ல் 50, 90, 135 மி.மீ.-க்குத்தான் கோடு. அதற்கு 35 மி.மீ. வாங்கினால் மேலே தனி ஃபைண்டர் மாட்டணும், இல்லையென்றால் வியூஃபைண்டருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போன்ற துணைக்கண்ணாடி வைத்த 35 வேண்டும். இரண்டிலும் 'சின்ன' என்ற வார்த்தை செத்துப்போகிறது. எம்2-ல் 35, 50, 90. கேனன் பி-யில் 35, 50, 100.

40 மி.மீ. லென்ஸ்கள் உண்மையிலேயே குட்டியானவை: 1973-ல் லைக்கா சிஎல்லுக்காக வந்த சம்மிக்ரான்-சி, மினோல்டாவின் எம்-ரோக்கர், பின்னால் வந்த ஃபோக்ட்லேண்டர் நாக்டன். ஆனால் இவற்றை லைக்கா எம்-ல் மாட்டினால் 50-க்கான கோடுதான் எழும். படத்தில் நீங்கள் கட்டியதைவிட அதிகம் விழும். ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை நிச்சயம். சிஎல், மினோல்டா சிஎல்இ, பெஸ்ஸா ஆர்3ஏ ஆகியவற்றில் 40-க்கே கோடு உண்டு. அங்கே இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

உள்ளே மடங்கும் லென்ஸ்

எல்மார், மடங்கும் சம்மிக்ரான், இண்டஸ்டார்-22 எல்லாம் பைக்கு வசதி. இரண்டு ஆபத்து. வெளியே இழுத்துப் பூட்டாமல் எடுத்தால் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அது தெரியாது; பிம்பம் வழக்கம்போல் பொருந்தும், ரோல் முழுக்கப் புகைதான். இழுத்தபின் கடிகாரத் திசையில் திருகி, ஆடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது: லைக்கா சிஎல்லிலும் எம்5-லும் லைட் மீட்டரின் கை ஷட்டருக்கு முன்னால் நிற்கிறது. அங்கே லென்ஸை உள்ளே தள்ளினால் கை நொறுங்கும். பின்கண்ணாடி ஆழமாக நீண்ட ஜூபிடர்-12-க்கும் அந்த உடல்களில் இடமில்லை.

'எல்மார்' என்று பொறித்ததை நம்புவது

ஃபெட், ஜோர்க்கி லென்ஸில் லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் பெயரைப் பொறித்து விற்பது பழைய வியாபாரம். அசல் 50 மி.மீ. எல்மாரில் அப்பெர்ச்சர் இதழ்கள் முதல் கண்ணாடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே. இண்டஸ்டாரில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. முன்னாலிருந்து பார்த்தால் இண்டஸ்டாரின் இதழ் இன்னும் ஆழத்தில் தெரியும்.

டார்ச் அடிக்காமல் வாங்குவது

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா வீடுகளில் அப்பளமே நமத்துப் போகும். தோல் உறைக்குள் தூங்கும் பழைய லென்ஸ் என்ன பாடுபடும்? பூஞ்சை மரக்கிளை போல ஓரத்திலிருந்து படரும். கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. ஹேஸ் வேறு: அப்பெர்ச்சர் பக்கத்துக் கண்ணாடியில் சீராகப் படியும் மூட்டம். சாதாரண வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். கேனன் 50 எஃப்1.8, சம்மிடார் இரண்டிலும் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சில கேனன்களில் மூட்டம் கண்ணாடியையே அரித்திருக்கும்.

வாங்கியபின் தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும்.

சின்னது என்பதற்காக எஃப்5.6

28 மி.மீ. சம்மரான் எஃப்5.6 கண்ணைப் பறிக்கும். தாராசுரத்து முற்றத்து வெயிலில் அருமை. ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளியுணர்வு) 400-ல், மண்டபத்து நிழலில் மீட்டர் எஃப்2-க்கு 1/30 நொடி காட்டினால், இதற்கு 1/4 நொடி. கையில் பிடித்து எடுக்க முடியாது. நம் ஊர்ப் படங்களில் பாதி மண்டபம், பட்டறை, திண்ணை, எஃப்2.8 வரையாவது திறக்கும் லென்ஸாக இருந்தால் 1/15 கிடைக்கும், சமாளிக்கலாம். ஃபோக்ட்லேண்டர் கலர்-ஸ்கோபார் 35 எஃப்2.5, கேனன் 35 எஃப்2 திருகு லென்ஸ் இரண்டும் சிறியவை, வேகமும் உண்டு. முதல் லென்ஸாக இந்த வகையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

நடுப்பகல் வயலுக்கு எஃப்1.4

ஐ.எஸ்.ஓ. 400, உச்சி வெயில்: எஃப்16-க்கே 1/500. எஃப்1.4 வரை திறக்க இடமில்லை.

டிஜிட்டல் விமர்சனத்தைப் பார்த்து ஒதுக்குவது

ஓரத்தில் ஊதா படிகிறது என்ற குறை சென்சாருடையது. ஃபோக்ட்லேண்டர் 15 மி.மீ. முதல் பதிப்பு ஃபிலிமில் அப்படிச் செய்யாது. அந்தக் குறையால் விலை இறங்கியிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடியில்லாமல் வெயிலில் தொங்கவிடுவது

லைக்கா, ஜோர்க்கி, ஃபெட் ஷட்டர் துணி. ஷட்டருக்கு முன்னால் எஸ்.எல்.ஆரில் போல முகம்பார்க்கும் கண்ணாடி இல்லாத உடலில், லென்ஸ் இன்ஃபினிட்டியில் திறந்தபடி சூரியனைப் பார்த்தால் பூதக்கண்ணாடி வேலைதான். திரையில் ஊசித்துளை விழும், அப்புறம் எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளி. தேர் பார்க்க மேலே அண்ணாந்து நிற்கும்போது இது நடக்கிறது. நடக்கையில் மூடி போடுங்கள், முடியாவிட்டால் எஃப்16-க்கு மூடி, ஃபோகஸை 1 மீட்டருக்குத் திருப்பிவிடுங்கள். கேனன் பி-யின் திரை எஃகு. எரியாது, விரல் பட்டால் மட்டும் சுருக்கம் விழும்.

ஃபில்டர்

கேனன் திருகு லென்ஸ்கள் பலவற்றுக்கு 40 மி.மீ., ஜூபிடர்-8-க்கு 40.5, லைக்காவின் சின்ன லென்ஸ்களுக்கு 39. ஒன்று மற்றதில் ஏறாது. மஞ்சள் ஃபில்டரை லென்ஸோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.